ஏழு கல்லுக்கு ஆறு கிலோமீட்டர்

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நமது சங்கச் செயலாளர் மூன்று தடவை என்னைத் தேடி வந்துவிட்டார். "கவிதை மட்டும் வேணாம்பா, ஏற்கெனவே நாற்பது வந்து கிடக்கு" என்றும் சொல்லிவிட்டார். எனக்கு அந்தக் கவலையே இல்லை, கவிதை எனக்கு வராது. ஆகவே ஒரு லாரியைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஆரணி. அப்பா, அம்மா இருவருக்கும் பட்டுத் தறிதான் பிழைப்பு. சேலையை அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கூலி. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். எனக்கு ஃபீஸ் கட்டுவது என் தாய்மாமா. மாமாவிடம் ஒரு பழைய டாடா 1613 லாரி இருக்கிறது. (16 என்றால் 16 டன், 13 என்றால் 130 குதிரைத்திறன். 1210 என்றால் 12 டன், 100 குதிரைத்திறன். வண்டியின் பெயரிலேயே பாதி விவரம் இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை!) ஆரணி ரைஸ் மில்லிலிருந்து சென்னைக்கு அரிசி மூட்டை ஏற்றிப் போவார். போய்வர 280 கிலோமீட்டர், 64 லிட்டர் டீசல்.

போன வருஷம் மெக்கானிக் ஒருவர் மாமாவிடம், "அண்ணே, உங்க வண்டில 6/41 கிரவுன் இருக்கு. ரோட்லயே ஓடற வண்டிக்கு அது எதுக்கு? 7/41 மாத்துங்க, டீசல் மிச்சமாவும்" என்றிருக்கிறார். மாமா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். தறி மேல் கையை வைத்துக்கொண்டு, "இன்னா மாப்ள, நீதான் படிக்கிறவன். மாத்தலாமா வேணாமா?" என்றார்.

அம்மா நாடாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் பெரியவர்கள் என் பேச்சைக் கேட்டு முடிவெடுப்பது அதுதான் முதல் தடவை.

மற்ற துறை நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எங்கள் பாட்டி ராட்டையில் ஊடை நூல் சுற்றுவாள். பெரிய சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் கதிர் பல சுற்று சுற்றும். லாரியின் பின் ஆக்ஸிலில் இதே கதை தலைகீழ். சின்ன பினியன் பல சுற்று சுற்றினால்தான் பெரிய கிரவுன் வீல் ஒரு சுற்று சுற்றும். பினியனில் 6 பல், கிரவுனில் 41 பல் என்றால் விகிதம் 6.83. பினியனில் 7 பல் என்றால் 5.86. விகிதம் பெரிதானால் இழுவை அதிகம், ஆனால் இன்ஜின் அதிகம் சுற்ற வேண்டும். சிறிதானால் இன்ஜின் நிதானமாகச் சுற்றும், இழுவை குறையும்.

நான் சாக்பீஸால் டயரில் கோடு போட்டு, மில் வாசலில் வண்டியை உருட்டி அளந்தேன். 10.00-20 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 3.2 மீட்டர் போகிறது. 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிஷத்துக்கு 1000 மீட்டர், அதாவது 312 சுற்று. டாப் கியரில் கியர்பாக்ஸ் நேரடி. ஆகவே 6/41 இல் இன்ஜின் 2135 சுற்று, 7/41 இல் 1830. பதினான்கு சதவீதம் குறைவு! நோட்டில் கோடு போட்டுக் காட்டினேன். "மாமா, டீசலும் பதினாலு பர்சன்ட் குறையும்" என்றேன்.

அங்கேதான் முதல் தப்பு. இன்ஜின் சுற்று குறைந்தால் அதே அளவுக்கு டீசல் குறையாது. மூட்டையை உருட்டவும் காற்றைத் தள்ளவும் வேண்டிய வேலை அப்படியேதான் இருக்கிறது. பிஸ்டன் உராய்வுக்கும், பம்புகளைச் சுற்றுவதற்கும் வீணாகிற பங்கு மட்டும்தான் குறையும். வாத்தியார் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மாமா கேட்டபோது தோன்றவில்லை.

மாமா 28 ஆயிரம் செலவழித்தார், பாதி கடன். பழைய செட், பேரிங், கூலி எல்லாம் சேர்த்து. கிரவுனையும் பினியனையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தியவை. பல்லில் சாயம் தடவி, சுற்றிப் பார்த்து, பதிவு நடுவில் விழுகிறதா என்று மெக்கானிக் பார்த்துப் பார்த்துப் பூட்டினார். அவர் வேலையில் குறையே சொல்ல முடியாது.

முதல் டிரிப் முடித்து மாமா வந்தார். 64 லிட்டர் டீசல் போட்டிருக்கிறார். மீட்டர் ஓடியது 240 கிலோமீட்டர். லிட்டருக்கு 3.75! முன்னாடி 4.37 கொடுத்த வண்டி. மாமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "சரி விடு மாப்ள, நீ இன்னா பண்ணுவ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அம்மா எனக்குச் சோறு போட்டபோது ஒன்றும் பேசவில்லை. அந்த செமஸ்டர் ஃபீஸ் இன்னும் கட்டவில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

படுத்தால் தூக்கம் வரவில்லை. ஆரணியிலிருந்து சென்னை போய்வர 280 ஆயிற்றே, மீட்டர் எப்படி 240 காட்டும்? காலையில் மாமாவிடம் கெஞ்சி லாரியில் ஏறிக்கொண்டேன். ஆற்காடு ரோட்டில் கிலோமீட்டர் கல்லை எண்ணிக்கொண்டே போனேன். ஒரு கல்லில் ஆரம்பித்து ஏழு கல் தாண்டியபோது மீட்டரில் ஆறுதான் கூடியிருந்தது. மறுபடி எண்ணினேன். மறுபடியும் ஏழுக்கு ஆறு.

ஆறு, ஏழு! 6/41, 7/41! நண்பர்களே, லாரிக்குள்ளேயே கத்திவிட்டேன். ஸ்பீடாமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருகிறது, சக்கரத்திலிருந்து அல்ல. கிரவுன் மாறியது அதற்குத் தெரியாது! பழைய பற்கணக்கிலேயே காட்டிக்கொண்டிருந்தது.

அதோடு முடியவில்லை. முள் 60 காட்டினால் வண்டி 70 இல் போகிறது. மாமா இருபது வருஷ டிரைவர், இன்ஜின் சத்தத்தை வைத்தே ஓட்டுகிறவர். முன்பு 60 இல் கேட்ட அதே 2135 சுற்றின் சத்தம் இப்போது 70 இல் கேட்கிறது. ஆக, இன்ஜின் நிதானமாகச் சுற்றவே இல்லை. வேகம் 60 இலிருந்து 70 ஆனால் காற்றின் எதிர்ப்பு 36 சதவீதம் கூடும், அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. கிரவுன் மிச்சம் பிடித்த டீசலைக் காற்று வாங்கிக்கொண்டது. "ரோடு காலியா இருந்துச்சு, சீக்கிரமே வந்துட்டேன்" என்று மாமா அன்றைக்குச் சொன்னதை நான்தான் காதில் வாங்கவில்லை.

"மாமா, முள்ளு 50க்கு மேல போகாம ஓட்டுங்க" என்றேன். 50 என்றால் உண்மையில் 58, இன்ஜின் ஏறக்குறைய 1780 சுற்று. இந்த மாதிரி டீசல் இன்ஜின்கள் டார்க் அதிகம் வரும் சுற்றை ஒட்டித்தான் குறைவாகக் குடிக்கும். உச்ச வேகத்துக்குப் பக்கத்தில் அல்ல. மாமா பாதி மனசோடு சரியென்றார். அடுத்த டிரிப்பில் 59 லிட்டர். 280ஐ வகுத்தால் 4.75. நான் சொன்ன பதினான்கு இல்லை, ஏறக்குறைய எட்டுதான். ஆனாலும் டிரிப்புக்கு ஐந்து லிட்டர். இன்றைய விலையில் நானூற்றைம்பது ரூபாய்க்கு மேல். அறுபது டிரிப் ஓடினால் போட்ட காசு வரும்.

ஒரு நஷ்டத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சீசனில் மாமா போளூரிலிருந்து ஜவ்வாதுமலை ஏறி, ஜமுனாமரத்தூரில் சாமையும் புளியும் ஏற்றி வருவார். இப்போது இழுவை ஏழில் ஒரு பங்கு போய்விட்டது. கொண்டை ஊசி வளைவில் லோடோடு நின்று எடுத்தபோது கிளட்ச் வாசனை வந்துவிட்டதாம். அதோடு மலை லோடை விட்டுவிட்டார். அந்த வருமானம் எவ்வளவு என்று நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மாமாவும் இதுவரை சொல்லவில்லை.

செமஸ்டர் ஃபீஸ் கடைசி நாளன்று கட்டினார். மீட்டரைச் சரிசெய்ய இன்னும் நேரம் வாய்க்கவில்லை. ஸ்பீடாமீட்டர் கண்ணாடியில் 50க்கு நேராக அத்தையின் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புக் கோடு. அதன் கீழே சின்னதாக ஒரு காகிதம் ஒட்டி, "7 பெருக்கு, 6 வகு" என்று மாமாவே எழுதி வைத்திருக்கிறார்.

— இறுதியாண்டு, இயந்திரவியல்