கப்பலுக்குள் ஒரு கிணறு

சிவகிரியில் கடல் இல்லை. மேற்கே மலை, சுற்றிலும் வயல், தோப்பு, கிணறு. தூத்துக்குடித் துறைமுகம் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். இப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு பையன் கப்பல் வேலைக்குப் போகிறேன் என்றால் வீட்டில் என்ன கேட்பார்கள்? சம்பளம் எவ்வளவு, எத்தனை மாதம் கான்ட்ராக்ட், ஏஜென்ட் நம்பிக்கையான ஆளா? அம்மா மட்டும் புயலைப் பற்றிக் கேட்பார்.

புயல் பயம் நியாயமானதுதான். ஆனால் கப்பல் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும்போது, அலையே இல்லாத ஒரு நாளில், பகல் வெளிச்சத்தில் ஆட்கள் இறந்துபோகும் இடம் ஒன்று கப்பலுக்குள்ளேயே இருக்கிறது. மூடிய அறை!

இதைக் கிணற்றுப் பாசன ஊர்க்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. நாள்பட மூடிக் கிடந்த கிணற்றில் இறங்குமுன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். அணைந்தால் இறங்கக் கூடாது. ஆயில் இன்ஜின் ஓடிப் புகை தங்கிய கிணற்றில் இறங்கி மயங்கியவர்கள் உண்டு. அண்ணன் விழுந்தால் தம்பி இறங்குவான், தம்பியைத் தூக்கப் பக்கத்துத் தோட்டக்காரர் இறங்குவார். கழிவுநீர்த் தொட்டிச் சாவுகளிலும் இதே கதைதான்.

கப்பலில் இந்தக் கிணற்றுக்குப் பல பெயர்கள். பாலாஸ்ட் தொட்டி, நங்கூரச் சங்கிலி அறை, சரக்கு அறை. அங்கே விஷவாயுவை யாரும் கொண்டுவந்து நிரப்ப வேண்டாம். இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜன் தேவை. மாதக்கணக்கில் மூடியிருந்த தொட்டியில் துருவே காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். நிலக்கரியும் மரத்தடிகளும்கூட அப்படித்தான்; தூத்துக்குடிக்கு வருகிற சரக்குகளில் இவை இரண்டுமே உண்டு. நிலக்கரி போதாக்குறைக்கு மீத்தேனையும் கார்பன் மோனாக்சைடையும் வெளிவிடும். அதனால் கிணற்றடி விளக்கு யோசனை இங்கே ஆகாது, விளக்கே வெடிக்கு நெருப்பு வைத்துவிடும்.

இன்னொரு விஷயம். நல்ல காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 20.9 சதவீதம். அது மிகவும் குறைந்த இடத்தில் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பிவிடும். மூச்சு முட்டுகிறதே என்ற எச்சரிக்கையைப் பெரும்பாலும் உடம்பு தருவதில்லை. மூச்சுத் திணறல் உணர்வு முக்கியமாகக் கரியமில வாயு கூடும்போது வருவது. ஆக்சிஜன் குறைவதை உடம்பு அப்படிக் கண்டுபிடிக்காது. "கொஞ்சம் கஷ்டமாக இருந்தால் ஏறிவிடலாம்" என்று இறங்குகிறவன் ஏறுவதற்கு நேரமே இருக்காது.

சரக்கு அறையின் பெரிய மூடி திறந்திருந்தாலும் அதற்குப் போகும் ஏணிப்பாதை தனியாக மூடிய ஒரு கூண்டாக இருக்கலாம். வெயில் அடிக்கிற சரக்கைப் பார்த்துவிட்டுத் தைரியமாக அந்தக் கூண்டில் இறங்குகிறார்கள். கெட்ட காற்று அங்கேதான் தங்கியிருக்கும்.

விதிகள் இல்லாமல் இல்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2011-ல் மூடிய அறைகளுக்கான பரிந்துரைகளைத் திருத்தி வெளியிட்டது. 2015 ஜனவரி முதல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இறங்கும் பயிற்சியும் மீட்புப் பயிற்சியும் கட்டாயம். 2016 ஜூலை முதல் காற்றை அளக்கும் கையடக்கக் கருவி கப்பலிலேயே இருக்க வேண்டும். காற்றோட்டம் கொடுத்து, கருவியின் குழாயை உள்ளே விட்டு மேலே, நடுவே, அடியிலே என்று அளந்து, பெர்மிட்டில் கையெழுத்தான பிறகுதான் ஒருவர் இறங்கலாம்.

பிறகும் ஏன் சாகிறார்கள்? அவசரம், களைப்பு, காகிதம். எந்த 24 மணி நேரத்திலும் 10 மணி நேரம், 7 நாளில் 77 மணி நேரம் ஓய்வு என்பது சட்டம். ஆனால் ஓய்வு நேரப் பதிவேடுகள் கணக்குக்குச் சரிக்கட்டப்படுவது பரவலான வழக்கம் என்று ஸ்வீடனில் உள்ள உலகக் கடல்சார் பல்கலைக்கழகம் 2020-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. ஓய்வையே பேனாவால் எழுத முடியுமானால் மீட்புப் பயிற்சியையும் எழுதிவிடலாம், பெர்மிட்டையும் மெஸ் ரூமில் உட்கார்ந்தே நிரப்பிவிடலாம்.

கட்டுக்கயிறு விஷயமும் இதற்குப் பக்கத்தில் வருவதுதான். இழுபட்ட கயிறு அறுந்தால் சாட்டை போலத் திரும்பி அடிக்கும். 2015 மார்ச்சில் பிரிட்டனின் மில்ஃபோர்ட் ஹேவனில் 'ஸர்கா' என்ற எரிவாயுக் கப்பலின் அதிகாரி ஒருவர் அப்படி அடிபட்டுத் தலையில் படுகாயமடைந்தார். அது அவ்வளவாகத் திரும்பி அடிக்காது என்று நம்பப்பட்ட வகைக் கயிறு!

இந்தியா 2015-ல் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கப்பலில் பாதுகாப்புக் குழு அமைக்கச் சொல்கிறது. மாலுமிகளின் பிரதிநிதியும் அதில் உண்டு. புதிதாகச் சேர்ந்த இருபது வயதுப் பையன் சீஃப் ஆபிசரிடம் "மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டீர்களா சார்?" என்று கேட்பது சுலபமில்லை. வேலை போய்விடும் என்ற பயம், ஏஜென்டுக்காக வாங்கிய கடன். கேட்பதற்கு உரிமை இருக்கிறது என்றாவது அவன் தெரிந்து போக வேண்டும்.

ஒருவர் உள்ளே இறங்கும்போது வாசலில் ஒருவரை நிறுத்துவார்கள். பெரும்பாலும் இளையவனைத்தான். உள்ளே இருப்பவர் விழுந்துவிட்டால் அவன் செய்ய வேண்டியது அலாரம் கொடுப்பது, மூச்சுக்கருவி மாட்டிய மீட்புக்குழு வரும்வரை வெளியிலேயே நிற்பது. கண்ணெதிரே சக ஊழியர் கிடக்கும்போது இறங்காமல் நிற்பதைத்தான் அந்த இரண்டு மாதப் பயிற்சி அவனுக்குப் பழக்க வேண்டும்.