பெரியோருடன் கல்கத்தா காணுதல்

மார்கழி பிறந்துவிட்டால் இந்நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பரபரப்பும் உடன் பிறந்துவிடுகிறது. ஊரிலிருந்து பெற்றோர் வருவார்கள். உடன்பிறந்தாரும் அவர்தம் குழந்தைகளும் வருவார்கள். ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வந்து இறங்குவோருக்கு ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டியது நம் கடமையாகிறது. 2001ஆம் ஆண்டில் கொல்கத்தா எனப் பெயர் மாறிய பின்னும், நம் முதியோர் நாவில் இது கல்கத்தாவே. அந்தக் கல்கத்தாவை அவர்கள் மனம் நிறையக் காண்பது எப்படி என்பதை, நான் செய்த பிழையிலிருந்து தொடங்கிச் சொல்லுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாய் தந்தையர் முதன்முறையாக இங்கு வந்தனர். ஐந்து நாளுக்குள் நகரம் முழுவதையும் காட்டிவிட வேண்டுமென்று நான் ஒரு பட்டியல் எழுதினேன். காலை ஏழு மணிக்குப் புறப்பாடு. நாளொன்றுக்கு ஐந்து இடங்கள். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. "பள்ளிக்கூடப் பாடத்தில் படித்த அந்தப் பெரிய ஆலமரத்தைப் பார்க்க வேண்டுமடா" என்றார். அதை நான் கடைசி நாளுக்கு வைத்தேன். மூன்றாம் நாள் பனிக்காற்றில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. கடைசி நாள் போர்வைக்குள் கழிந்தது. "மரம் எங்கே போகிறது? அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார். மரம் எங்கும் போகவில்லை. அவருக்குத்தான் அந்த அடுத்த வருஷம் வாய்க்கவில்லை.

பின்னர் ஒரு மார்கழியில் அம்மாவும், தங்கை குடும்பத்தாரும் வந்தபோது பழைய பட்டியலைக் கிழித்தெறிந்தேன். புதிய ஏற்பாட்டிற்கு மூன்றே விதிகள். நாளுக்கு ஓரிடம், இரண்டு நாள் சுற்றினால் ஒரு நாள் ஓய்வு, பெரியவர்கள் ஆசைப்படும் இடம் முதல் நாள்.

இங்குள்ள குளிர்காலத்தின் இயல்பையும் நாம் உணர வேண்டும். பகலில் வெயில் இதமாக இருக்கும். இரவில் வெப்பநிலை பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரிக்கு இறங்கிவிடும். விடியற்காலையில் பனியும் புகையும் கலந்து நிற்கும். ஆகையால் முதியோரை ஒன்பதரை மணிக்கு முன் வெளியே அழைத்துச் செல்லலாகாது. மாலையோ மிகவும் குறுகியது. டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் கதிரவன் மறைந்துவிடுகிறான். தென்னாட்டிலிருந்து வருவோர் இதை எதிர்பார்ப்பதில்லை. நான்கு மணிக்குள் வீடு நோக்கித் திரும்புவதே உத்தமம். வங்காளிகள் அணியும் குரங்குக் குல்லாயைக் கண்டு நகைப்போர், மூன்றாம் நாள் தாமே அதை விலைக்குக் கேட்பதை நான் கண்டிருக்கிறேன்.

முதல் நாள் சிபுரிலுள்ள தாவரவியல் பூங்காவிற்குச் சென்றோம். 1787இல் ராபர்ட் கிட் என்பவர் தோற்றுவித்த பூங்கா அது. வாயிலிலிருந்து ஆலமரம் வரை நடை சற்று அதிகம். முதியோரை ஏற்றிச் செல்ல வண்டி கிடைக்குமா என்று வாயிலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். தொலைவிலிருந்து பார்த்தால் அது மரமாகத் தோன்றாது, தோப்பாகவே தோன்றும். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அம்மரத்தின் அடிமரத்தைப் பூஞ்சை அரித்ததால் 1925இல் வெட்டி அகற்றிவிட்டார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகளே இன்று அதைத் தாங்கி நிற்கின்றன.

இதை நான் விளக்கியபோது அம்மா வெகுநேரம் பேசாமல் நின்றாள். பிறகு, "அடிமரம் போனாலும் விழுது தாங்குகிறது. அப்பா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்" என்றாள். நாங்கள் அன்று வேறெங்கும் செல்லவில்லை. கட்டி வந்த புளியோதரையைப் புல்தரையில் அமர்ந்து உண்டுவிட்டு, வெயில் சாயுமுன் வீடு திரும்பினோம்.

அடுத்துச் சென்றது தட்சிணேசுவரம். ராணி ராசமணி எழுப்பிய அக்காளி கோயில் 1855இல் குடமுழுக்குக் கண்டது. 2021 முதல் மெட்ரோ ரயில் அங்கு வரை செல்வதால் முதியோருக்குப் பிரயாணம் எளிது. தரிசனத்திற்குப் பின் படகேறிப் பேலூர் மடத்திற்குச் செல்வது மனத்திற்கு இனியது. ஆயினும் மடத்தின் கோயில் நண்பகலில் சில மணி நேரம் மூடியிருக்கும். அதைக் கணக்கிட்டுப் புறப்படுக. விவேகானந்தர் 1902இல் உடல் நீத்தது இங்கேதான். அவரைச் சிகாகோவுக்கு அனுப்பப் பொருள் திரட்டியோரில் சென்னை அன்பர்கள் முன்னின்றார்கள் என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். கன்னியாகுமரிப் பாறையைக் கண்ட பாட்டிக்கும் கங்கைக்கரையைக் காணும் பேரனுக்கும் அங்கே ஒரு பொதுப் பேச்சு கிடைத்துவிடும்.

விக்டோரியா நினைவு மண்டபம், அருங்காட்சியகம் இரண்டையும் ஒரே நாளில் முடிக்க எண்ணாதீர்கள். 1921இல் திறக்கப்பட்ட பளிங்கு மண்டபத்தை உள்ளே சென்று பார்ப்பதைவிட, அதன் தோட்டத்தில் வெயில் காய்வதையே அம்மா விரும்பினாள். 1814இல் தோன்றிய இந்திய அருங்காட்சியகத்தில் எல்லாக் கூடங்களையும் காண முயல்வோருக்குக் கால் வலியே மிஞ்சும். பெரியோருக்குப் பார்குத் என்னும் ஊரின் பௌத்தத் தூபியிலிருந்து வந்த கல்வேலி, குழந்தைகளுக்கு எகிப்து நாட்டு மம்மி, இவ்விரண்டு போதும். இவ்விரு இடங்களும் திங்கட்கிழமைகளில் பொதுவாக மூடியிருக்கும். அலிப்பூர் மிருகக்காட்சி சாலைக்குக் கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களில் செல்வதைத் தவிர்த்துவிடுங்கள். அன்று கூட்டத்தைத்தான் காண முடியும்.

குழந்தைகள் மிகவும் மகிழ்ந்தது 2024இல் தொடங்கிய, ஹூக்ளி ஆற்றின் அடியில் செல்லும் மெட்ரோ ரயிலில். ஒரு நிமிடத்திற்குள் ஆற்றைக் கடந்துவிடுகிறது. திரும்புகையில் 1943இல் திறக்கப்பட்ட ஹௌரா பாலத்தின் மேல் வந்தோம். ஆற்றின் கீழும் மேலும் ஒரே நாளில் சென்றதை என் தங்கை மகன் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறான். பௌபஜார் வழியே செல்ல நேர்ந்தால், சர் சி. வி. ராமன் ஆராய்ச்சி புரிந்து 1928இல் தம் பெயர் பெற்ற விளைவைக் கண்டது அத்தெருவில் என்று காட்டுங்கள். நம்மைப்போல் உத்தியோகத்திற்காக இங்கு வந்தவர்தாம் அவரும்.

ஓய்வு நாளை வீண் நாள் என்று எண்ண வேண்டாம். அன்று நாங்கள் லேக் மார்க்கெட்டிற்கு மெல்ல நடந்தோம். வாழையிலையும் முருங்கைக்காயும் மல்லிகைச் சரமும் கண்ட அம்மாவின் முகம் மலர்ந்தது. "இவ்வளவும் கிடைக்கிறதா? நீ இங்கே என்ன சாப்பிடுகிறாயோ என்று இத்தனை வருஷம் கவலைப்பட்டேனே!" என்றாள். எத்தனையோ மாளிகைகளைக் காட்டியும் தீராத தாயின் கவலை, ஒரு காய்கறிக் கடையில் தீர்ந்தது. குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் ஈச்சம் வெல்லத்தில் செய்த சந்தேஷையும் அன்று வாங்கிக் கொடுத்தேன். பல்லுக்கு வேலையில்லாத பலகாரம்; சர்க்கரை வியாதி உள்ளோருக்கு மட்டும் ஒரு துண்டோடு நிறுத்துவது நலம்.

பத்து நாளில் நாங்கள் கண்ட இடங்கள் ஆறுதான். ஊருக்குத் திரும்பிய அம்மா அந்த ஆறையும் வரிசை தவறாமல் அண்டை வீட்டாருக்குச் சொல்லுகிறாளாம். முன்பு ஐந்து நாளில் ஓட்டிக் காட்டிய இடங்களில் ஒன்றுகூட அவள் நினைவில் இல்லை.

ஆகவே அன்பர்களே, இந்தக் குளிர்காலத்தில் உங்கள் வீட்டுப் பெரியோர் வருவார்களாயின், பட்டியல் எழுதுமுன் அவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் விரும்புவது ஒரே ஒரு மரமாக இருக்கலாம். அதை முதல் நாளிலேயே காட்டிவிடுங்கள்.