பலகைக்கு முன் நிற்பவர்

"பச்சை மீனா? சிவ சிவா!" என்று முகம் சுளிக்கும் நேயர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். முதலியார்பேட்டை வாசிகளாகிய நமக்கு வஞ்சிரமும் சங்கராவும் புதியவை அல்ல. ஆனால் புளியும் மிளகாயும் சேர்த்து அடுப்பில் ஏற்றாமல் மீனை உண்பதென்பது நாம் கனவிலும் நினையாத காரியம். டோக்கியோவில் உத்தியோகம் பார்க்கும் நம் பழைய மாணாக்கர் ஒருவர் நம்மை ஒரு சிறிய ஸூஷிக் கடைக்கு அழைத்துச் சென்றபோது, தைரியத்தைக் காட்டிலும் தாக்ஷண்யமே நம்மை அங்கே உட்கார வைத்தது.

நீண்ட மரப்பலகை ஒன்று, அதன் முன் எட்டே ஆசனங்கள், எதிரே சமையற்காரர். கடை முழுவதும் இவ்வளவுதான். 'இன்னது வேண்டும்' என்று நாம் சொல்வதில்லை. 'உம்மிடமே விட்டுவிட்டோம்' என்று பொருள்படும் 'ஓமகாஸே' என்ற ஒரு சொல்லோடு நம் அதிகாரம் முடிந்துவிடுகிறது. அவர் காடி கலந்த சோற்றில் ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் லேசாக அழுத்தி, காரமான பச்சை விழுது துளி தடவி, மீன் துண்டத்தை மேலே பொருத்தி நம் முன் வைக்கிறார். சோற்றின் இளஞ்சூடு ஆறுவதற்குள் உண்டுவிட வேண்டும். அடுத்து அமர்ந்திருந்த ஜப்பானியப் பெரியவர் அதை விரல்களால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டதைக் கண்டதும் நமக்கு உயிர் வந்தது. முள்கரண்டியே நாகரிகம் என்று பிரெஞ்சுக்காரரிடம் பாடம் கேட்ட ஊரல்லவா நம்முடையது!

இப்பண்டத்தின் பூர்வோத்தரம் எளியது. ஆதியில் மீனை உப்பிட்டுச் சோற்றில் புதைத்து மாதக்கணக்கில் புளிக்க வைப்பார்கள். பிறகு சோற்றை எறிந்துவிட்டு மீனை உண்பார்கள். பீவா ஏரிக்கரையில் இந்த முறை இன்றும் உண்டு. டோக்கியோ நகரம் எதோ என்று வழங்கிய 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், காத்திருக்கப் பொறுமையில்லாத நகரவாசிகளுக்காகச் சோற்றில் காடியைக் கலந்து கையால் பிடித்துக் கொடுக்கும் வழக்கம் பரவிற்று. ஹனயா யோஹெய் என்பவர் பெயரை இதற்குச் சொல்வார்கள். வீதியில் வாங்கித் தின்ற பலகாரம் அது. 2014-இல் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமாவும் ஜப்பானியப் பிரதமர் அபேயும் உண்டது அந்தப் பலகாரத்தைத்தான். கின்ஸாவில், நிலவறையில் உள்ள பத்து ஆசனக் கடை அது. அதன் தலைவர் ஜிரோ ஓனோவுக்கு அப்போது வயது 88.

சமையற்காரரை ஜப்பானியர் 'பலகைக்கு முன்' என்று பொருள்படும் சொல்லால் குறிப்பிடுகிறார்கள். மறைவிடம் ஏதும் அவருக்கு இல்லை. அவர் கை நமக்குத் தெரிகிறது. நம் முகம் அவருக்குத் தெரிகிறது. நம் நாட்டிலோ இலைக்கு முன் நாம், புகைக்குள் அவர், நடுவே ஒரு சுவர்!

இந்தச் சுவர் நம் பெரியோர் எல்லாருக்கும் இருந்ததில்லை. 1915-இல் ஜப்பானுக்குத் தப்பிச் சென்ற ராஷ் பிஹாரி போஸுக்கு, ஷின்ஜுகுவில் நகமுராயா என்னும் ரொட்டிக் கடை நடத்திய குடும்பம் புகலிடம் தந்தது. பின்னர் அவர் அக்குடும்பத்துக்கே மருமகனானார். 1927-இல் அங்கே சிற்றுண்டிச்சாலை திறந்தபோது, இந்தியக் கறியை இந்திய முறையிலேயே சமைக்க வேண்டும் என்று வழி சொன்னவர் அவரே. விடுதலைக்குப் பாடுபட்டவருக்கு அடுக்களை இழிவாகத் தோன்றவில்லை.

ஊர் திரும்பிய பின் ஒரு மாணவனின் தகப்பனார் நம்மிடம் வந்தார். பையன் சமையற்கலை படிக்க விரும்புகிறானாம். "படித்த குடும்பத்துப் பிள்ளை கரண்டி பிடிப்பதா? நீங்கள்தான் ஸார் புத்தி சொல்ல வேண்டும்" என்றார். ஜிரோ ஓனோவைப் பற்றிச் சொன்னோம்; போஸைப் பற்றிச் சொன்னோம். அவர் சமாதானமாகவில்லை. கடைசியில், "உங்கள் மூத்த பெண் கலியாணத்தில் யார் சமையல்?" என்று கேட்டோம். வெகுநேரம் யோசித்தார். பாயசம் நினைவுக்கு வந்தது, பெயர் வரவில்லை.