இறப்பர்ப் பாலும் அடியற்ற சிரட்டையும்

பொன்விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். இரசாயனம் கற்றோரிடம் காவியமா கிடைக்கும்? நாம் பிறந்து வளர்ந்த தெரணியகலையின் இறப்பர்ப் பாலைப் பற்றியே எழுதத் துணிந்தோம்.

பொழுது புலருமுன்னரே பால்வெட்டுவோர் மரத்துக்கு மரம் செல்வர். சிரட்டையிற் சொட்டிய பால் அமிலத்தால் உறைந்து, உருளைகளில் நசுங்கி, புகைக்கூடத்தில் உலர்ந்து தாளாகும். இது எல்லோரும் அறிந்ததே. உறையவிடாது திரவமாகவே கப்பலேற்றப்படும் பாலின் கதை வேறு. அது கெடாதிருக்க அமோனியா சேர்ப்பர். அமோனியாவைக் குறைக்க வேண்டின், தைராம் என்னும் தூளையும் நாக ஒட்சைட்டையும் சிறிதளவு கலப்பர். எம் சிறிய தாயார் பல்லாண்டுகள் பாற்கொட்டகையிற் பணியாற்றியவர். அவர் விரல்களில் ஆறாத சொறி இருந்தது. தைராம் தோலில் ஒவ்வாமையை உண்டாக்குவதென்பதை நாம் பின்னர் நூல்களிற் கற்றோம். தூள் வந்த கலனின் எச்சரிக்கையோ ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்கு அம்மொழி தெரியாது.

தைராம் சிதையும்போது இருமெதைலமைன் பிறக்கும். அது நைதரசன் ஒட்சைட்டுகளுடன் கூடினால் நைத்திரோசமைன் ஆகும். இச்சேர்வை எலிகளின் ஈரலிற் புற்றை விளைப்பதை 1956இல் மகீ, பார்ன்ஸ் என்னும் இரு ஆங்கில அறிஞர் காட்டினர். 1993இல் ஐரோப்பிய நாடுகள், குழந்தைகளின் இறப்பர்ச் சூப்பியிலிருந்து வெளிப்படும் நைத்திரோசமைன் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென விதித்தன.

நைத்திரோசோ சேர்வைகளின் தாக்கங்களை அடக்கியாள வழியுண்டா? இங்கேதான் சைக்குளோதெக்சித்திரின் எம் மனத்தைக் கவர்ந்தது. 1891இல் வில்லியே என்னும் பிரெஞ்சு அறிஞர் மாப்பொருளிலிருந்து கண்டெடுத்த பொருள் இது. ஆறு, ஏழு அல்லது எட்டுக் குளுக்கோசு அலகுகள் வளையமாகக் கைகோத்து நிற்கும். அடியற்ற சிரட்டையென்றே கொள்க: புறம் நீரை விரும்பும், அகம் நீரை வெறுக்கும். எண்ணெய்த்தன்மையுள்ள மூலக்கூறு உள்ளே புகுந்து ஒளிந்துகொள்ளும். உள்ளே இருப்பதை வெளியிலுள்ள அமிலம் எளிதில் எட்டாது, தாக்கம் மந்தமாகும். ஆயின் காரம் மிக்க கரைசலில் சிரட்டையின் விளிம்பிலுள்ள ஐதரொட்சில் கூட்டங்கள் ஏற்றம் பெற்றுத் தாமே தாக்கத்தில் இறங்கலாம். அப்போது அதே சிரட்டை தாக்கத்தை விரைவுபடுத்தவும் கூடும். காவலாளியே கூட்டாளியாவது போன்றது! எது நிகழுமென்பதை விருந்தாளியின் பருமனும், அது உள்ளே கிடக்கும் நிலையும், கரைசலின் தன்மையும் தீர்மானிக்கும்.

இருந்தும், கொட்டகைக்கு இம்மருந்து பொருந்தாது. இருமெதைல் நைத்திரோசமைன் மிகச் சிறியது, நீரில் நன்கு கரைவது. அகன்ற சிரட்டையில் அது தங்கி நில்லாது. நடைமுறையில் உதவியது வேறொன்று. இறப்பரைப் பதப்படுத்துமிடத்து, இருபென்சைலமைனைத் தரும் வேகமூட்டிகளை இப்போது பல ஆலைகள் கையாள்கின்றன. அதிலிருந்து பிறக்கும் நைத்திரோசமைன் புற்றை விளைப்பதாகக் காணப்படவில்லை. விலை கூடுதல் என்பர். சிறிய தாயாரின் விரல்களைக் கண்ட எமக்கு அவ்வாதம் அவ்வளவு பெரிதாகப் படவில்லை.

தைராமை வெறுங்கையால் தொடலாகாது, கொட்டகையிற் காற்றோட்டம் வேண்டும் என்பவற்றை எளிய தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாளில் எழுதி வைத்துள்ளோம். தோட்டங்களிற் கடமையாற்றும் பழைய மாணவர் கேட்பின், சுவரில் ஒட்டுதற்கு அனுப்பி வைப்போம்.