பலகையில் எழுதாத தொழில்

நாகபுரியில் அஜனிப் பக்கம் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மருத்துவரோ, சோதிடரோ, வக்கீலோ, யாராயினும் “தமிழ் தெரிந்தவரா?” என்பதே நம் முதற் கேள்வி. அவருக்கு வேறு என்ன தெரியும் என்பதைப் பிறகுதான் கேட்போம். பல வேளைகளில் கேட்பதே இல்லை. இப்பழக்கத்தால் நம் அடுத்த வீட்டு அக்கா எட்டு மாதங்களை இழந்தார். அவருடைய இசைவு பெற்றே அதனை இங்கு எழுதுகிறோம். நாம் பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தி ரெயில்வே குமாஸ்தா வேலைக்கு வந்தோம். சட்டம் கற்றவரல்லோம், கண்டதையும் கேட்டதையுமே சொல்ல வல்லோம்.

2022-ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு மாலை. அக்காவின் கணவர் பூட்டிபோரித் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து பாசஞ்சர் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார். நெரிசலில் வாசலருகே நின்றவர் தவறி விழுந்து உயிர் துறந்தார். அவருடைய கைப்பை அகப்படவில்லை. அதனுள் இருந்த மாதச் சீட்டும் அதனோடு போயிற்று. இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவள் அப்பொழுது ஏழாம் வகுப்பு.

அக்கா சென்றது நம் தமிழர் ஒருவரிடம். முதியவர், நல்லவர். பத்திரம் எழுதுவதிலும் மனையின் வில்லங்கம் பார்ப்பதிலும் தேர்ந்தவர். காகிதக்கட்டை அன்போடு வாங்கி வைத்துக்கொண்டு, “போலீஸ் அறிக்கை முழுவதும் வரட்டும், அம்மா” என்றார். பொங்கல் போயிற்று, சித்திரை போயிற்று, ஆடியும் பிறந்தது. இதனிடையே வேறொருவர் வீடு தேடி வந்தார். செலவெல்லாம் தம்முடையது என்றும், கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு தந்தால் போதும் என்றும் சொன்னார். அக்கா அதற்கும் இசைய இருந்தார்.

அதுவரை நாம் ஏன் வாய் திறக்கவில்லை என்று அன்பர்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். நமக்குச் சோறு போடுவது ரெயில்வே. அதன்மேல் தொடுக்கும் வழக்குக்கு நாமே துணை போனால் மேலதிகாரி என்ன நினைப்பாரோ என்ற அச்சம் நம்மைக் கட்டிப்போட்டது. சுவருக்கு அப்பால் அழுகுரல் கேட்கும் இரவுகளிலும் அந்த அச்சம் நீங்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

முடிவில் உடன் வேலை பார்க்கும் மராத்தி நண்பர் ஒருவரிடம் மனம் விட்டுப் பேசினோம். அவர் சிவில் லைன்ஸில் உள்ள ஒரு வக்கீல் அலுவலகத்தைச் சொன்னார். அங்கே மூவர் கூடித் தொழில் நடத்துகின்றனர். வாசற்பலகையில் மூன்று பெயர்களும் பட்டங்களும் மட்டுமே இருந்தன. யார் எதில் வல்லவர் என்று ஏன் எழுதவில்லை எனக் கேட்டோம். அவர்களுள் மூத்தவர் சிரித்தார். வக்கீல்கள் விளம்பரம் செய்தலாகாது. இன்ன துறையில் தனித் தேர்ச்சி உடையவர் என்று பலகையில் பொறிப்பதையும் இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதி தடுக்கிறதாம். 2008-இல் செய்த திருத்தத்தின்படி இணையத்தளத்தில் மட்டும் துறையைக் குறிக்க இடமுண்டு. “ஆகையால் நீங்கள்தாம் கேட்டறிய வேண்டும், ஐயா. கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை” என்றார். அவர் பார்ப்பது நிலமும் பாகப்பிரிவினையும். இரண்டாமவர் அரசு ஊழியரின் வழக்குகளை மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் நடத்துகிறவர். மூன்றாமவரான அம்மையார் ரெயில்வே இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் நாகபுரிக் கிளையிலேயே பல்லாண்டு பழகியவர்.

அம்மையார் இந்தியில் பேசினார். நாம் அக்காவுக்குத் தமிழில் சொன்னோம். முதலில் அவர் பார்த்தது இறந்த தேதியை. இவ்வகை மனுவை ஓராண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். தவறினால் தக்க காரணம் காட்டித் தீர்ப்பாயத்தின் இரக்கத்தை நாட வேண்டிவரும். அக்காவுக்கு நான்கு மாதங்களுக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தது. சீட்டு இல்லையே என்று அக்கா கலங்கியபோது, சீட்டு அகப்படாத ஒன்றினாலேயே மனு தள்ளுபடியாகாது என்று 2018-இல் ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை எடுத்துரைத்தார். அவர் மெய்யான பயணி என்பதற்கு அக்கா பிரமாணப் பத்திரம் தர வேண்டும். நாள்தோறும் உடன் பயணம் செய்த தொழிலாளி ஒருவரும் சாட்சி சொன்னால் நலம். பிணப் பரிசோதனை அறிக்கை, பஞ்சநாமா, நிலைய அதிகாரியின் குறிப்பு ஆகியவற்றுக்கு அன்றே பட்டியல் எழுதினார். கிடைப்பதில் பங்கு கேட்பது வக்கீலுக்கு விதிப்படி தகாது என்று கூறி, தம் கட்டணத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அதுவும் இயலாதெனில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு அங்கே வருமானம் பாராமல் இலவச உதவி உண்டு என்பதையும் அவரே சொன்னார்.

பிறகு நம் பக்கம் திரும்பினார். நம் முகம் எதையோ காட்டிக் கொடுத்திருக்க வேண்டும். “இது உங்கள் ரெயில்வேயைக் குற்றவாளி ஆக்கும் வழக்கன்று. 1989-ஆம் ஆண்டு ரெயில்வேச் சட்டத்தின் 124-ஏ பிரிவில் யார் தவறு என்ற கேள்வியே எழாது. தற்கொலை, குடிமயக்கம், நோய் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, ஓடும் வண்டியிலிருந்து தவறி விழுந்த பயணிக்கு இழப்பீடு தந்தாக வேண்டும்” என்றார். எத்தனையோ படிவங்களை நிரப்பிய நமக்கு, நம் இலாகாவின் இந்தச் சட்டம் அன்றுவரை தெரியாது!

அக்டோபரில் மனு பதிவாயிற்று. விசாரணை நாள்களில் விடுப்பு எடுத்து உடன் சென்றோம். மேலதிகாரி ஒன்றும் கேட்கவில்லை. 2025-இல் தீர்ப்பு வந்தது. 2017 முதல் நடப்பில் உள்ள விகிதப்படி எட்டு லட்ச ரூபாயும் வட்டியும். பெரும்பகுதியைக் குழந்தைகள் பெயரில் வங்கியில் வைப்புத் தொகையாகப் போடும்படி உத்தரவு.

இப்பொழுது வேறொரு காரியம் எழுந்துள்ளது. மயிலாடுதுறைப் பக்கம் கணவருக்கு உரிய நிலத்தில் மனைவிக்கும் மக்களுக்கும் பங்குண்டு. வழக்கென்று வந்தால் நிலம் இருக்கும் ஊரிலேயே நடத்த வேண்டுமாம். அதற்குமுன் ஊரில் உள்ள தம் அண்ணனுக்கு அக்கா அதிகாரப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பத்திரம் என்றதும் அந்த முதிய வக்கீலின் நினைவே எமக்கு வந்தது. அக்கா சற்றுத் தயங்கினார். சென்ற ஞாயிற்றுக்கிழமை சென்றோம். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பட்டா எண்ணையும் எல்லைகளையும் ஒவ்வொன்றாய்க் கேட்டு, நாம் கொண்டுபோன நகலில் இருந்த இரண்டு பிழைகளை உடனே கண்டுபிடித்துவிட்டார்.