48 கிலோ தைரியம்!

போன மாசம் எங்க வீட்டுல ஒரு பஞ்சாயத்து. குற்றவாளி, என் தங்கச்சி. குற்றம்? பத்தாவது முடிச்ச பிறகும் ஜூடோவை விடமாட்டேன்னு சொன்னது!

அப்பாவுக்கு கணபதி பக்கம் சின்ன லேத் பட்டறை. "கையோ காலோ ஒடிஞ்சா என்ன கண்ணு பண்றது? ரெண்டு வருஷம் ஒழுங்கா படிச்சா அக்கா மாதிரி இன்ஜினீயரிங் சேந்துக்கலாமல்ல?"ன்னார்.

அந்த 'அக்கா மாதிரி'தான் எனக்குச் சுருக்குன்னு குத்துச்சு. ஏன்னா, பத்தாவது வரைக்கும் நானும் ஜூடோ ஆடினவதான். பிளஸ் ஒன் வந்ததும் காலையில ஸ்பெஷல் கிளாஸ், ராத்திரி டெஸ்ட். யாரும் நிறுத்தச் சொல்லலை. அந்த வெள்ளை டிரஸ்ஸை மடிச்சுப் பரண்ல போட்டது நானேதான்.

அன்னிக்கு ராத்திரி தங்கச்சி தன் நோட்டுக்குள்ள ஒட்டி வெச்சிருந்த ஒரு படத்தைக் காட்டினா. சுசீலா தேவி லிக்மாபம். மணிப்பூர் பொண்ணு. 48 கிலோ பிரிவு. கிட்டத்தட்ட என் தங்கச்சி வெயிட்!

2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில சுசீலாவுக்கு வெள்ளி. அப்போ வயசு 19. அப்புறம்தான் சோதனை. 2018-ல தொடையில தசைக் காயம். அந்த வருஷ ஆசியப் போட்டி கைவிட்டுப் போச்சு. வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போகப் பணமில்லை. என்ன பண்ணினாங்க தெரியுமா? தன் காரை வித்துட்டு ஃபிளைட் ஏறினாங்க! பாயின்ட் பாயின்ட்டா சேர்த்து, டோக்கியோ ஒலிம்பிக்குக்கு இந்தியாவுல இருந்து தகுதி பெற்ற ஒரே ஜூடோ வீராங்கனை ஆனாங்க.

2021 ஜூலை 24. முதல் சுற்றிலேயே ஹங்கேரியோட ஈவா செர்னோவிச்கி. 2012 லண்டன் ஒலிம்பிக்ல வெண்கலம் வாங்கினவங்க. மூணு நிமிஷம்கூட ஆகலை, 'இப்பான்'! எதிராளியை முதுகு தரையில படுற மாதிரி வேகமா தூக்கிப் போட்டா கிடைக்கிற முழுப் புள்ளி. ஆட்டம் அங்கேயே குளோஸ்.

அடுத்த வருஷம் பர்மிங்காம் காமன்வெல்த். ஃபைனல் வரைக்கும் போய், கூடுதல் நேரத்துல தென் ஆப்பிரிக்காவோட மிகேலா வைட்பூய்கிட்ட தோத்தாங்க. மறுபடியும் வெள்ளி.

"எட்டு வருஷம் கழிச்சும் அதே வெள்ளிதானாடி?"ன்னேன்.

"எட்டு வருஷம் கழிச்சும் அங்க நின்னாங்கல்லக்கா!"ன்னா. எனக்குப் பதிலே வரலை.

நோட்டோட அடுத்த பக்கத்துல ஜப்பானோட ரியோகோ தமுரா. கல்யாணத்துக்கு அப்புறம் ரியோகோ தானி. உயரம் 146 சென்டிமீட்டர்தான். இவங்களும் 48 கிலோ. உலக சாம்பியன் பட்டம் மட்டும் ஏழு! ஆனா அவங்களுக்கும் ஒலிம்பிக் தங்கம் சும்மா வந்துடலை. 1992 பார்சிலோனாவுல 16 வயசுல வெள்ளி. 1996 அட்லாண்டாவுல, தொடர்ந்து ஜெயிச்சுட்டே வந்தவங்க, ஃபைனல்ல வட கொரியாவோட 16 வயசுப் பொண்ணு கே சுன் ஹுய்கிட்ட விழுந்தாங்க. திரும்பவும் வெள்ளி. 2000 சிட்னியிலதான் தங்கம். அங்கேயும் அதே எட்டு வருஷம்! 2004 ஏதென்ஸ்ல இன்னொரு தங்கம். குழந்தை பிறந்த பிறகு 2007-ல உலகப் பட்டம், 2008 பெய்ஜிங்ல வெண்கலம்.

தானிக்குப் பின்னால டொயோட்டா கம்பெனி இருந்தது. சுசீலா சொந்தக் காரை விக்க வேண்டியிருந்தது. ரெண்டு நாட்டுக்கும் நடுவுல இருக்கிற தூரம் அவ்வளவு!

மறுநாள் அப்பாகிட்ட நான்தான் பேசினேன். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுல விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம் இருக்கு, அரசு வேலையில 3 சதவிகித ஒதுக்கீடு இருக்குன்னு கணக்கெல்லாம் சொன்னேன். "அதெல்லாம் செரி கண்ணு, அடிபட்டா?"ன்னார். அவர் பயம் மார்க் இல்லைன்னு அப்பத்தான் புரிஞ்சது.

ஜூடோவுல முதல்ல சொல்லித் தர்றது ஜெயிக்கிறதை இல்லைங்க, விழறதை! தாடையை நெஞ்சோட ஒட்டிக்கணும், தலை தரையில படக் கூடாது, கையை விரிச்சுத் தரையைத் தட்டணும். விழற வேகம் கை வழியா போயிடும். வாயால சொன்னா அப்பா நம்புவாரா? ஹால்ல ரெண்டு மெத்தையைப் போட்டோம். "என்னைத் தூக்கிப் போடுடி"ன்னேன். அஞ்சு வருஷமாச்சு... உள்ளுக்குள்ள உதறல்தான்.

போட்டா பாருங்க! அம்மா அலறிட்டாங்க. ஆனா என் கை, நான் சொல்லாமலே, 'பட்'டுன்னு மெத்தையைத் தட்டிடுச்சு. எந்திரிச்சு நின்னேன். கண்ணு கலங்கிடுச்சு. வலியால இல்லை.

அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசலை. "செரி, ஒரு வருஷம் பாக்கலாம். மார்க் குறைஞ்சா பேச்சு மாறும், ஆமா"ன்னு சொல்லிட்டுப் பட்டறைக்குக் கிளம்பிட்டார்.

சாயங்காலம் பரண் ஏறி என் டிரஸ்ஸை எடுத்துத் துவைச்சுப் போட்டேன். தங்கச்சிக்கு இப்ப கரெக்டா இருக்கு.

உங்க வீட்டுப் பரண்ல என்ன இருக்கு ஃப்ரெண்ட்ஸ்?