வல்லாரையும் சிவந்த கன்னமும்

கொச்சிக்கடைத் தெருவோரத்தில் கட்டாக விற்கும் வல்லாரையைச் சம்பலாக உண்டு வளர்ந்தோர் நாம். அக்கீரையின் சாரமே இன்று கொரியாவிலிருந்து ‘சிகா’ என்னும் களிம்பாக வருகின்றது. அதிலுள்ள மடெக்காசொசைட் முதலிய பொருள்கள் சிவந்து எரியும் தோலைத் தணிக்க உதவுவன. நம் மாநிற மேனியில் அச்சிவப்புக் கருமையாய்த் தோன்றுவதும் உண்டு. எரிவைக் கொண்டே அறிய வேண்டும். அதற்காகப் பச்சிலையை அரைத்து முகத்தில் அப்பலாகாது. சிலருக்கு அதுவே ஒவ்வாமை தரும். களிம்பையும் முன்கையின் உட்புறத்திற் பூசிச் சில நாள் பார்த்தல் நலம்.

நாம் அஞ்சுவது வேறொன்றுக்கு. வெளுப்பாக்குவதாய்க் கூறும் முகவரியற்ற களிம்புகள் சிலவற்றில் பாதரசமோ ஸ்டீரொயிட் மருந்தோ மறைந்திருக்கும். ஸ்டீரொயிட் தோலை மெலியச்செய்யும். நெடுநாள் பூசி நிறுத்தினால் முகம் முன்னிலும் சிவக்கும். அந்நிலையில் வல்லாரை போதாது. பூசிய டப்பாவையும் எடுத்துக்கொண்டு தோல் வைத்தியரிடம் செல்க.